நாலு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை காரில் போவது சரிப்படுமா? எப்படித் திட்டமிடுவது?

சரிப்படும். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் ஒரு எக்செல் போட்டிருப்பார்கள். அதில் பாதி வரிகளை இப்போதே அழித்துவிடுங்கள்.

எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. சியாட்டில் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அந்தப் பாதைதான். கலிஃபோர்னியாவிலிருந்தோ டென்வரிலிருந்தோ வருபவர்கள் மைல் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், அழுகைக் கணக்கு மாறாது.

நாங்கள் போனது 2023 ஜூலைத் தொடக்கத்தில். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு இரண்டு நிறைய இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதம் முக்கியம், ஏன் என்று சொல்கிறேன். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி இரண்டு வயதுவரை குழந்தையின் கார் சீட் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். நாங்கள் மலை, ஆறு, பைன் மரம் என்று வாய் பிளந்துகொண்டு போன 700 சொச்சம் மைலும் அவன் பார்த்தது சாம்பல் நிறத்தில் ஒரு சீட்டு முதுகு. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

என் கணவர் போட்ட அட்டவணையில் முதல் நாள்: சியாட்டில் முதல் மிசூலா, 475 மைல், 7 மணி நேரம். பச்சை நிறம் வேறு அடித்திருந்தார். வான்டேஜில் கொலம்பியா ஆற்றைக் கடக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் வறண்ட வெளி. மகளுக்குப் போரடித்தது, மகனுக்குப் பால் வேண்டும், ஆறிய பால் வேண்டாம். ஸ்போக்கேனில் நான் கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தை இருவருக்கும் ஊட்டினேன். குழந்தைக்குப் பயணத்தில் தயிர் சாதத்தைவிடப் பாதுகாப்பானது எது என்று நினைத்தேன். ஐடஹோவுக்குள் நுழைந்து ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை பாஸ்’ என்ற மலைவழியில் கார் வளைந்து ஏறத் தொடங்கியதும் அந்தத் தயிர் சாதம் முழுக்க வெளியே வந்தது. பின்பக்கம் பார்த்த சீட்டில் குழந்தை வாந்தி எடுத்தால் எங்கெல்லாம் போகும் என்று விவரிக்க மாட்டேன். பெல்ட் மாட்டும் இடுக்கில் போன சாதத்தை எடுக்கப் பல் குச்சி தேவைப்பட்டது. மலைப்பாதைக்கு முன்னால் பால், தயிர் வேண்டாம். காய்ந்த ரொட்டி, உப்பு பிஸ்கட், வெறும் இட்லி, அவ்வளவுதான்.

மோன்டானா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவும். பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. பிள்ளைகளின் வயிறும் தூக்கமும் பழைய நேரத்திலேயே இருக்கும், ஹோட்டல் காலை உணவு புது நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் மிசூலா சேர்ந்தபோது இரவு பதினொன்று. பச்சை நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதனால் என் கணக்கு இது. வரைபடம் 7 மணி என்று காட்டினால் 11 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அது காட்டும் 4, 5 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சியாட்டிலிலிருந்து என்றால் முதல் இரவு ஸ்போக்கேன், இரண்டாவது மிசூலா, மூன்றாம் நாள்தான் பூங்கா. “இரண்டு நாள் வீணாகிறதே” என்பார்கள். திரும்பும்போது நாங்கள் ஸ்போக்கேனில் தங்கினோம். அங்கே ஆற்றங்கரைப் பூங்காவில் 1974 உலகக் கண்காட்சிக்காகச் செய்த ஓர் இரும்பு ஆடு இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் குப்பையை அதன் வாயருகே நீட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். என் பிள்ளைகள் கீழே கிடந்த காகிதம், சருகு எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஒன்றரை மணி நேரம் அதற்கு ஊட்டினார்கள். ஏழு வயது ஆகப்போகும்போதும் மகளிடம் யெல்லோஸ்டோனில் என்ன பிடித்தது என்று கேட்டால் “குப்பை தின்ற ஆடு” என்றுதான் சொன்னாள். அது யெல்லோஸ்டோனில் இல்லை என்று திருத்துவதை நான் நிறுத்திவிட்டேன்.

தங்குமிடம். பூங்காவுக்குள் தங்கினால் அலைச்சல் குறையும், ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். அறைகளில் பெரும்பாலும் டிவி கிடையாது, ஏசி கிடையாது, சமைக்க வழியில்லை. நாங்கள் மேற்கு வாசலுக்கு வெளியே வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் சின்னச் சமையலறை உள்ள அறை எடுத்தோம். இது நல்ல முடிவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்குச் சுடச்சுடப் பருப்பு சாதம் கிடைத்தது உண்மை. தினம் காலை ஆறு மணிக்கு எழுந்து குக்கர் வைத்து, மதியத்துக்கு எலுமிச்சை சாதம் கிளறி, டப்பா கழுவி, ஐஸ் பெட்டி அடுக்கியது யார் என்பதும் உண்மை. என் கணவர் நல்லவர்தான், பாத்திரமும் கழுவுவார். ஆனால் “விடுமுறையில் போனோம்” என்று அவர் சொல்லும்போது எனக்கு அந்த வார்த்தை வேறு யாருக்கோ நடந்ததுபோல இருக்கும். அடுத்த முறை இரண்டு வேளை பீட்சா என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன்.

பூங்காவுக்குள் பிரதான சாலை எட்டு வடிவத்தில் 142 மைல் சுற்று. கீழ் வளையம் ஒரு நாள், மேல் வளையம் ஒரு நாள் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், எங்கள் எக்செலும் அப்படித்தான் சொன்னது. வேக வரம்பு பொதுவாக 45 மைல், அதையும் பைசன் (அந்த ஊர்க் காட்டெருமை) அனுமதித்தால்தான். ஹேடன் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம் சாலைக்கு நடுவே ஆற அமர நடந்துகொண்டிருக்க, எங்களுக்கு முன்னும் பின்னும் கார் வரிசை. 25 கஜ தூரத்துக்குள் அதன் அருகே போகக்கூடாது என்பது விதி (கரடி, ஓநாய் என்றால் 100 கஜம்), ஆனால் ஒன்று எங்கள் கண்ணாடியை உரசுவதுபோல் நின்றது. அப்போதுதான் மகளுக்கு ஒன்றுக்கு வந்தது. கீழே இறங்க வாய்ப்பே இல்லை. முன் சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் ‘பாட்டி’யை (பிள்ளைகள் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக உட்காரும் குட்டித் தொட்டி) வைத்து, உள்ளே டயப்பர் ஒன்றை விரித்து உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய தலை. “அம்மா, அது என்னையே பாக்குது” என்று அழுதாள். நாற்பது நிமிடம் அப்படியே நின்றோம். ஆகவே கேமரா லென்ஸ் மறந்தாலும் அந்தத் தொட்டியை மறக்காதீர்கள், அதையும் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைக்காதீர்கள்.

பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. வரைபடம், பிள்ளைகளின் பாட்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கரடி ஸ்ப்ரே (கரடி நெருங்கினால் அதன்மேல் அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே) வாங்கினால் சின்னக் கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாப்பாட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள்.

இப்போது கயிறு விஷயம். உண்மையைச் சொன்னால் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே மரப்பலகை நடைபாதை போட்டிருப்பார்கள். பல இடங்களில் கைப்பிடி கிடையாது. பக்கத்தில் திடமான தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பல குளங்கள் அந்தச் சூட்டுக்கு அருகில்தான் இருக்கும். அங்குள்ள வேறு எந்த இயற்கை அம்சத்தையும்விட இந்த ஊற்றுகளால்தான் அதிகம் பேர் காயப்பட்டும் இறந்தும் இருக்கிறார்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. என் மகன் அப்போது நடக்க மாட்டான், ஓடுவான், அதுவும் நான் பார்க்காத திசையில். தூக்குபையில் போட்டால் பத்து நிமிடத்தில் நெளிந்து அலறுவான். எனவே முதுகுப்பையோடு சேர்ந்த பிடிகயிறு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுப் பக்கம் எதிரே ஒரு தமிழ்க் குடும்பம். தொப்பி போட்ட ஓர் அம்மா தன் மகளிடம், நாங்கள் தமிழ் என்று தெரியாமல்தான் என்று நம்புகிறேன், “பாவம், புள்ளைய நாய்க்குட்டி மாதிரி கட்டி இழுத்துட்டுப் போறா பாரு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீராவியில் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது, ஆன்ட்டி. இந்தப் பதில் எனக்கு மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் தோன்றியது.

எல்லாக் குழந்தைக்கும் கயிறு கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. கை பிடித்தால் கூடவே நடக்கும் குழந்தை உங்களுடையது என்றால் ரொம்ப சந்தோஷம். என்னுடையது அந்த ரகம் இல்லை.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீறிடும். அடுத்தது எப்போது என்று பார்வையாளர் மையத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மகன் காரில் தூங்கிவிட்டான். முதல் முறை என் கணவர் பார்த்தார், நான் காரில். அடுத்த முறை நானும் மகளும். அது சீறிக்கொண்டு மேலே போனபோது சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ‘வாவ்’ என்க, அவள் மட்டும் “குக்கருக்கு வெயிட் போட மறந்துட்டாங்களா?” என்றாள். மகனுக்குப் பிடித்தது அதே இடத்தில் வளைக்குள்ளிருந்து தலை நீட்டிய தரை அணில்கள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். அவன் அரை மணி நேரம் அசையாமல் இருந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. (தீனி போடக்கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.) நாலு வயது ஆகிவிட்டால் ஜூனியர் ரேஞ்சர் (குட்டிப் பூங்காக் காவலர்) புத்தகம் வாங்கிக் கொடுங்கள். செய்து முடித்தால் ரேஞ்சர் முன்னால் உறுதிமொழி எடுக்கச் சொல்வார். என் மகள் அன்று முழுக்க எங்களை மிரட்டிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மேல் வளையத்தை நாங்கள் தொடவே இல்லை. மேமத் ஊற்றுகள், லாமர் பள்ளத்தாக்கு, கிராண்ட் டீட்டன் எல்லாம் எக்செலிலேயே இருக்கின்றன. “அவ்வளவு தூரம் போய் லாமர் பார்க்காமலா வந்தீங்க?” என்று கேட்ட நண்பருக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்னொரு கேள்வி எல்லாரும் கேட்பார்கள்: “இந்த வயசுல கூட்டிட்டுப் போய் அதுங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?” ஒன்றாம் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து நூறு பேருக்குச் சாப்பாடு போடும்போது இதை யாரும் கேட்பதில்லை. காசு வீண் என்று பேச்செடுத்தால் நான் டேகேரைத்தான் சொல்வேன். நாங்கள் இல்லாத ஒன்பது நாளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முழுக் கட்டணம் எடுத்துக்கொண்டார்கள். “இடம் பிடித்து வைத்திருக்கிறோம்” என்றார்கள். சரி, ஆனால் பிள்ளைக்கு லேசாக மூக்கு ஒழுகினால் அதே இடத்திலிருந்து அரை மணியில் வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்களே, அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் காசு. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கட்டணம்: ஒரு காருக்கு ஏழு நாளைக்கு 35 டாலர், எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான வருட பாஸ் 80. வருடத்தில் ரெய்னியர், ஒலிம்பிக் பூங்காக்கள் என்று போவீர்களானால் பாஸ்தான் லாபம். ஆனால் 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குக் கணக்கு வேறு. வருட பாஸ் 250 டாலர், பாஸ் இல்லாவிட்டால் யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம் என்றும் நீங்கள் சொல்லவில்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் பாதிவரை வடக்கு வாசல் பக்கம் தவிரப் பெரும்பாலான சாலைகளில் கார் போக முடியாது. ஜூலையிலும் இரவில் ஸ்வெட்டர், குல்லா வேண்டும். பள்ளி தொடங்காத பிள்ளைகள் என்றால் செப்டம்பரின் முதல் பாதியில் போங்கள், கூட்டம் குறைவு.

அந்தப் பிடிகயிறு இன்னும் எங்கள் கராஜில்தான் கிடக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன், பக்கிள் நன்றாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் என்றால் கீழே சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.