மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கக் கும்பகோணத்து வக்கீல் போதுமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

கும்பகோணத்தில் தனி உரிமையாளராகப் பாத்திரக்கடை நடத்தும் உங்கள் மாமா, கடனை அடைக்க முடியாத நிலையில் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க, அதாவது திவாலானவராக அறிவிக்கக் கோர, எந்த வக்கீலைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகு எல்லா வழக்கும் சென்னைக்குப் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கம்பெனிகளுக்கும், 2019 டிசம்பர் முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கும்தான் சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். அங்கே ஒரு கம்பெனி மீது கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்கத் தேவையான குறைந்தபட்ச நிலுவை, 2020 மார்ச்சில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தப்பட்டதால், சிறு வியாபாரிகளின் பாக்கி பெரும்பாலும் அந்த வாசலை எட்டுவதில்லை.

உங்கள் மாமாவுக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் (திவால்) சட்டமே, ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்ற பழைய வரம்பு (இன்று ஒரு சிப்பம் அரிசிக்கே காணாது!) அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. மனு (நொடிப்பு மனு) நடத்திப் பழகிய உள்ளூர் சிவில் வக்கீலே இதற்கு ஏற்றவர்.

அவரிடம் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு: மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நஞ்சை நிலத்தை மகன் பெயருக்குத் தானமாக எழுதியிருந்தால், நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். நொடிப்பு உத்தரவு கிடைத்ததும் பலர் அசந்துவிடுகிறார்கள். குறித்த கெடுவுக்குள் கடன் விடுவிப்புக்குத் தனியே விண்ணப்பிக்காவிட்டால் அந்த உத்தரவே ரத்தாகிவிடும்.