வாசகர் கேள்விகள்: ஒப்ஜெக்ட் தரவுத்தளம்

கேள்வி: மீன்பிடிப் படகு எஞ்சின்களின் பாகங்களைக் கணினியில் பதிகிறேன். எஞ்சினுக்குள் எரிபொருள் பம்ப், பம்புக்குள் வால்வு, வால்வுக்குள் ஸ்பிரிங் என்று ஏழெட்டு அடுக்கு. அட்டவணைகளிலிருந்து ஓர் எஞ்சினை முழுதாக எடுக்க நேரமாகிறது. ஒப்ஜெக்ட் தரவுத்தளம் இதை எப்படிச் சமாளிக்கிறது?
வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் அட்டவணையில் பம்புக்கும் வால்வுக்கும் உள்ள தொடர்பு வெறும் இலக்கம்தான். ஒவ்வோர் அடுக்கிலும் அந்த இலக்கத்தைத் தேடியாக வேண்டும். நிரலின் ஒப்ஜெக்டுகளை அட்டவணையாக்காமல் அப்படியே சேமிப்பது ஒப்ஜெக்ட் தரவுத்தளம். அதில் பம்ப் தன் வால்வின் அடையாளத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். ஒப்ஜெக்டிவிட்டி என்ற தயாரிப்பில் இது 64 பிட் எண்: எந்தத் தரவுத்தளம், எந்தக் கொள்கலன், எந்தப் பக்கம் (ஒரே தடவையில் வாசிக்கப்படும் தரவுத் துண்டு), பக்கத்தில் எத்தனையாவது இடம் என்று நேரே சொல்லிவிடும்.

ஒப்ஜெக்ட்ஸ்டோர் என்ற இன்னொரு தயாரிப்பின் வழி இன்னும் அழகானது. சி++ நிரல் தொடும் பொயின்டருக்கு (நினைவக முகவரிக்கு) உரிய பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் கணினியின் செயலி (சிபியு) நிரலை இடைமறிக்கும். ஒப்ஜெக்ட்ஸ்டோர் அதைப் பிடித்து, சேர்வரிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து, அதிலுள்ள பொயின்டர்களை இப்போதைய நினைவக முகவரிகளுக்கு மாற்றி, நிரலை விட்ட இடத்திலிருந்து ஓடவிடும். முதல் தடவைக்குத்தான் செலவு. பிறகு சாதாரண பொயின்டரின் வேகம்.

ஆகவே எது எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதே எல்லாம். 100 பைட் அளவில் 400 பாகங்களை ஒரே கிளஸ்டரில் (அருகருகே சேமிக்கப்படும் தொகுதியில்) உருவாக்கினால் 4 கிலோபைட் பக்கங்கள் பத்துப் பதினொன்று போதும். சிதறிக் கிடந்தால் 400 பக்கம் வரை வரவேண்டும். அப்போது அட்டவணையே மேல்.

பற்றுச்சீட்டு, மாதாந்த இருப்பு அறிக்கை போன்றவற்றை அட்டவணைகளிலேயே விடுங்கள். ஒப்ஜெக்ட் தரவுத்தளங்களின் கேள்வி மொழிக்கான ஓடிஎம்ஜி என்ற பொதுத் தரம் 2000இல் 3.0 பதிப்போடு நின்றுவிட்டது. ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கடினம். வாங்குமுன் போஸ்ட்கிரெஸ் போன்றவற்றிலுள்ள மீள்சுழல் வினவலை (ஒரே கேள்வியில் அடுக்கடுக்காக எல்லாவற்றையும் எடுப்பது) உங்கள் தரவிலேயே ஓட்டி நேரத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: இருவர் வெவ்வேறு பாகங்களைத் திருத்தும்போதும் ஒருவர் காத்திருக்க நேர்வது ஏன்?
வாசகர், கிண்ணியா

பதில்: இரண்டு பாகங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒப்ஜெக்ட்ஸ்டோர் வழமையாகப் பூட்டுவது பக்கத்தை. வேர்சன்ட் என்ற தயாரிப்பு பூட்டுவது தனி ஒப்ஜெக்டை. வாசிப்புக்கு நன்மை செய்த அதே நெருக்கம் எழுதும்போது இடைஞ்சலாகிறது. அடிக்கடி மாறும் இருப்பு எண்ணிக்கையைப் பாகத்திலிருந்து பிரித்து வேறு கிளஸ்டரில் வையுங்கள். திரையைத் திறந்தபடி பாவனையாளர் யோசிக்கும் நேரம் முழுக்கப் பூட்டைப் பிடித்திருக்கவும் வேண்டாம். வாசித்து முடித்துவிட்டு, சேமிக்கும் கணத்தில் புதிய பரிமாற்றம் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத மாற்றத் தொகுதி) தொடங்குங்கள். இடையில் மற்றவர் மாற்றியிருக்கிறாரா என்று பதிப்பு எண்ணை (ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கூடும் எண்ணை) பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் (ஒப்ஜெக்டின் அமைப்பைச் சொல்லும் நிரல் வரையறையில்) ஒரு புதிய புலம் சேர்த்தால் பழைய தரவு என்னாகும்?
வாசகர், மூதூர்

பதில்: டிஸ்க்கிலுள்ள ஒப்ஜெக்டுகள் பழைய வடிவிலேயே கிடக்கும். வேர்சன்ட் அவற்றைத் தொடும்போது ஒவ்வொன்றாக மாற்றும். ஒப்ஜெக்ட்ஸ்டோரில் வடிவமாற்றத்தைத் தனியாக ஓட்டவேண்டும். முதலில் முழுப் பிரதி எடுங்கள், பழைய நிரல்கள் அனைத்தையும் நிறுத்துங்கள், முடிந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் கம்பைல் செய்யுங்கள். ஒரு நிரல் பழைய வகுப்போடு தப்பி நின்றாலும் திறக்கும்போது பிழை வரும்.