ஆல்கேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உலோகம் எப்படி உடைக்கிறது?

ஆல்கேன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் ஒற்றைப் பிணைப்புகளால் இணைந்த சேர்மம். அதில் மிக எளியதான மீத்தேனில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை நேரடியாக முறிக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் வேண்டும். அப்படியிருக்க, உலோக அணைவுகள் (உலோக அணுவைச் சுற்றி வேறு அணுக்களோ மூலக்கூறுகளோ பிணைந்த சேர்மங்கள்) அறை வெப்பநிலையிலேயே இதைச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

1982-ல் ராபர்ட் பெர்க்மன் குழு வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இரிடியம் டைஹைட்ரைடு (இரிடியத்துடன் இரண்டு ஹைட்ரஜன் பிணைந்த) அணைவின் மீது புற ஊதா ஒளி பட்டதும் ஹைட்ரஜன் மூலக்கூறு கழன்றுவிடுகிறது. மிஞ்சும் இரிடியத்துக்கு 16 வெளிக்கூட்டு எலக்ட்ரான்தான். இத்தகைய அணைவுகளுக்கு நிலையான எண்ணிக்கையான 18 ஆக இன்னும் இரண்டு வேண்டும். சரி, சுற்றிலும் இருப்பது சைக்ளோஹெக்சேன் என்ற வளைய ஆல்கேன் மட்டுமே. அதன் கார்பன்-ஹைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் (சிக்மா பிணைப்பு) எலக்ட்ரான்கள் உலோகத்தின் காலி ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் தங்கும் இடம்) சாய்கின்றன. உலோகமும் தன் டி எலக்ட்ரான்களை அதே பிணைப்பின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைப் பலவீனமாக்கும் இடம்) தள்ளுகிறது. இந்த இரண்டாவது தள்ளல்தான் பிணைப்பை முறிக்கிறது. இரிடியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +1-லிருந்து +3 ஆகிறது, கார்பனும் ஹைட்ரஜனும் தனித்தனியாக அதனுடன் பிணைகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நேர்ச்சங்கிலி ஆல்கேனில், வலிமை கூடிய முனைப் பிணைப்பையே இந்த உலோகம் அதிகம் தேர்கிறது. அங்கே இடநெருக்கடி குறைவு, உருவாகும் உலோக-கார்பன் பிணைப்பும் வலுவானது.