கள்ளக்கடல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாகர்கோவிலில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பது பற்றி நகரத்துப் பெண்களுக்கும் கடற்கரைப் பெண்களுக்கும் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று ஆய்வு செய்கிறேன். கடற்கரையில் மதிப்பெண் மிகக் குறைவு. பலரும் ‘தெரியாது’ என்கிறார்கள். இவர்களிடம் விழிப்புணர்வை எப்படிக் கொண்டுபோவது? தெருநாடகம் போடலாமா? ஆய்வுக்கான கேள்விப் படிவத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாடகம் போடுங்கள், தப்பில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது, சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதம் நாலு நாள் வரவில்லை. வந்ததும் திண்ணையில் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “காத்து இல்ல, மழை இல்ல மக்களே, கடலு மட்டும் ஏறி வந்துட்டு. கள்ளக்கடலு. காயப்போட்ட கருவாட்டயெல்லாம் வாரிட்டுப் போச்சு.”

தூரத்துத் தென்கடலில் அடிக்கும் காற்று கிளப்பிய அலை, நாட்கணக்கில் ஓடிவந்து இங்கே கரையேறுகிறது. கடற்கரை மக்கள் வைத்த அந்தப் பெயரில்தான் ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம் இன்று எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் அலை இழுத்துப்போன ஐந்து பேரும் மருத்துவம் படித்த பிள்ளைகள். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

உங்கள் படிவத்தில் ‘கள்ளக்கடல்’ எங்கே? தேடிப் பார்த்தேன், இல்லை. ‘தகவமைப்பு உத்திகள்’ இருக்கிறது. எனக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. வெயிலில் மீன் விற்றுவிட்டு வந்தவளிடம் அதை வாசித்துக் காட்டி, ‘தெரியாது’ கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? அவளுக்குத் தெரியாதது உங்கள் தமிழ், கடல் அல்ல. 2017 ஒக்கிப் புயலில் எச்சரிக்கை வருவதற்குள் படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. திரும்பாதவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பெண்களுக்கா விழிப்புணர்வு கொண்டுபோகப் போகிறீர்கள்?

நகரத்து மதிப்பெண்ணை விடுங்கள். உங்கள் படிவத்தில் எனக்கு நூற்றுக்கு நூறு வரும். என் வீடு நிற்பது மண்ணடித்த வயலில். 2021 நவம்பர் மழையில் அடுக்களைக்குள் முழங்கால் தண்ணீர். தண்ணீர் எந்த வழியாக வடியும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கீழத்தெரு ஆச்சி வந்து, பழைய ஓடை போன இடத்தைக் கைகாட்டினாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஷெட் இருந்தது.

கோபப்படாதீர்கள் மக்களே. படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள், நானும் கூட உட்காருகிறேன்.

அந்த மீன்கார அம்மாவுக்கு அன்று என் அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். கருவாடு போன கதை முழுக்கக் கேட்டு உச்சுக்கொட்டினாள். பிறகு சாளைக்கு வழக்கம்போல விலை குறைத்துக் கேட்டாள்.