தரை தொட்ட பிறகு இடப்பக்கம் சுழல்வது ஏன்?

உங்கள் வால்சக்கர விமானம் (முன்னே இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம் உள்ளது) தரையிறங்கி ஓடும்போது இடப்பக்கம் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு தரை தொட்டதில் இல்லை, அதற்கு அடுத்த சில விநாடிகளில்தான். வால்சக்கர விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் திரும்பினாலும் வால் முன்னே வரப் பார்க்கும், திருப்பம் தானாகவே வளரும். உங்கள் இறக்கை நுனி உரசியதும் அப்படித்தான்.

வேகம் குறையும்போது இடப்பக்கம் இழுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் தரை தொட்டதும் பெடலில் உங்கள் கால் ஓய்ந்திருக்கும். வேகம் குறையக் குறைய ரடரின் (வாலில் உள்ள திசை திருப்பும் தகட்டின்) பலமும் குறையும், அதனால் அதை அசைக்கும் பெடலை இன்னும் கூடுதலாக மிதிக்க வேண்டும். இடப்பக்கக் காற்று லேசாக இருந்தாலே மூக்கு அந்தப் பக்கம் திரும்பும்.

நீங்கள் காரைக்குடிக்காரர் என்பதால் சொல்கிறேன்: செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியுமே, அப்படி ஓடுதளத்தின் கடைசியைப் பாருங்கள். மூக்கைப் பார்த்தால் திருப்பம் தாமதமாகத்தான் தெரியும். மூன்று சக்கரமும் தொட்டதும் ஸ்டிக்கை (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) முழுக்கப் பின்னால் பிடித்து, பயிற்சியாளருடன் தரையில் மெதுவாக ஓட்டி, சின்னச் சின்ன மிதிகளாகப் பழகுங்கள்.

அப்புறம், வால்சக்கர ஸ்பிரிங்கு, டயர் காற்று, பிரேக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நுனி உரசிய விமானத்தைப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை தயவுசெய்து பறக்காதீர்கள். கீறல் சின்னதாக இருக்கும், ஆனால் உள்ளே சக்கரக் கால் பொருத்தும் இடத்தில் விரிசல் இருக்கலாம்.