பிகேஜிசெக் கொட்டும் எச்சரிக்கைகளை என்ன செய்வது?

கேள்வி: ஜென்டூ லினக்ஸுக்கான சின்ன ஓவர்லே (முதன்மை ரெப்போவுக்கு மேல் சேர்க்கும் கூடுதல் பேக்கேஜ் தொகுப்பு) ஒன்றைச் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். பேக்கேஜ்களில் பிழை தேடும் பிகேஜிசெக் கருவியை ஓடவிட்டால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை வருகிறது. இப்போது யாருமே அதைப் படிப்பதில்லை. தேவையில்லாததை எல்லாம் அணைத்துவிடலாமா? உண்மையான பிழை இருந்தால் சிஐ (கமிட்டுகளைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) தடுக்கவும் வேண்டும்.

பதில்: அணைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்கேன் செய்யும் பரப்பைக் குறையுங்கள். ரெப்போவின் மேல் அடைவில் நின்று 'பிகேஜிசெக் ஸ்கேன்' என்று மட்டும் கொடுத்தால் மொத்தத்தையும் அலசும். ஒரு பேக்கேஜின் அடைவுக்குள் போய்க் கொடுத்தால் அதை மட்டும் பார்க்கும். கூடவே '--கமிட்ஸ்' போட்டால், இன்னும் புஷ் செய்யாத கமிட்டுகள் தொட்ட பேக்கேஜ்கள் மட்டும் வரும். அன்றாட வேலைக்கு இதுதான் சரி. தான் இன்று மாற்றிய ஈபில்டை (பேக்கேஜை நிறுவும் வழியைச் சொல்லும் கோப்பை) பற்றி நாலு வரி வந்தால் யாரும் படிப்பார்கள்.

அடுத்து, முடிவுகளின் தரம். எரர், வார்னிங், ஸ்டைல், இன்ஃபோ என்று நான்கு நிலைகள். '--கீவேர்ட்ஸ்' ஆப்ஷனில் நிலையின் பெயரையோ குறிப்பிட்ட சோதனையின் பெயரையோ கொடுத்து வடிகட்டலாம். 'ரிடண்டன்ட்வெர்ஷன்' போன்றவை, பழைய வெர்ஷனை இனி நீக்கலாம் என்ற நினைவூட்டல்தான். அவற்றை ஒதுக்கினால் நஷ்டமில்லை.

ஆனால் 'நான்சால்வபிள்டெப்ஸ்' என்று தொடங்கும் எதையும் ஒதுக்காதீர்கள். உங்கள் ஈபில்டின் கீவேர்ட்ஸில் (எந்தச் செயலி வகைகளுக்கானது என்ற பட்டியல்; மேலே சொன்ன ஆப்ஷன் வேறு) ஏஆர்எம்64 இருக்கிறது, அது கேட்கும் லைப்ரரிக்கு அந்தக் கீவேர்ட் இல்லை என்று வையுங்கள். உங்கள் ஏஎம்டி64 கணினியில் எல்லாம் ஒழுங்காக பில்ட் ஆகும். ஏஆர்எம்64 வைத்திருப்பவர் நிறுவப் போனால் ஜென்டூவின் நிறுவல் கட்டளையான இமெர்ஜ் சார்புகளைத் தீர்க்க முடியாமல் நின்றுவிடும். உங்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லாத இந்தப் பிழையைப் பிடித்துத் தருவதற்காகவே இந்தக் கருவியை ஓட்டலாம். ஒரு விஷயம்: ஓவர்லேயின் சார்புகள் முதன்மை ஜென்டூ ரெப்போவையும் வைத்துத்தான் தீர்க்கப்படுகின்றன. உங்களிடமுள்ள அதன் பிரதி பழசாக இருந்தால் இல்லாத பிழையும் வரும். திடீரென இவை குவிந்தால் முதலில் அந்தப் பிரதியைச் சிங்க் செய்து (புதுப்பித்து) பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எரிச்சலூட்டும் சோதனை இருந்தால், ரெப்போவின் மெட்டாடேட்டா அடைவில் 'பிகேஜிசெக்.கான்ஃப்' கோப்பை வைத்து, டிஃபால்ட் பிரிவின் கீவேர்ட்ஸ் வரியில் அதன் பெயருக்கு முன் கழித்தல் குறி போடுங்கள். ஹோம் அடைவிலுள்ள சொந்தக் கான்ஃபிகில் அணைத்தால் உங்களுக்கு மட்டும்தான் மறையும். மற்றவர்களுக்கு வேறு முடிவு வந்து வீண் விவாதம் கிளம்பும். ஏன் அணைத்தோம் என்று மேலே ஒரு கமென்ட் வரி அவசியம் எழுதுங்கள். '--கான்ஃபிக் நோ' என்று கொடுத்தால் இந்த அமைப்புகள் எதையும் படிக்காமல் முழு முடிவும் வரும். அவ்வப்போது அப்படி ஓட்டிப் பாருங்கள்.

சிஐயில் பலர் தவறவிடுவது '--எக்ஸிட்'. இது இல்லாவிட்டால் எத்தனை பிழை வந்தாலும் கருவி வெற்றி என்றே முடியும். இதைச் சேர்த்தால் எரர் நிலை முடிவுகள் வரும்போது தோல்விக் குறியீடு திரும்பும். சின்ன ஓவர்லே என்பதால் சிஐயில் முழு ஸ்கேனே செய்யலாம். அதற்கு முன் இப்போதிருக்கும் எரர்களை ஒரே மூச்சில் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சம்பந்தமில்லாதவரின் கமிட்டும் தடைபடும்.

செத்துப்போன சுட்டிகளைத் தேடும் '--நெட்' சோதனைகள் இயல்பாக ஓடாது. அவற்றைக் கமிட்டைத் தடுக்கும் வேலையில் சேர்க்காமல், வாரம் ஒருமுறை ஓடும் தனி வேலையாக வையுங்கள். எங்கோ ஒரு சர்வர் சற்று நேரம் படுத்ததற்காக உங்கள் சகாவின் திருத்தம் காத்திருக்கக் கூடாது.