பேத்தியின் பிறந்தநாளும் தாத்தாவின் ஸ்டேட்டஸும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேத்திக்கு ஏழு வயது நிறைந்த அன்று, அவள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தைப் பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் போட்டேன். பெங்களூரில் இருக்கும் மகள் அன்று இரவே கூப்பிட்டு, "யாரைக் கேட்டுப் போட்டீர்கள், அப்பா?" என்று சத்தம் போட்டாள். கல்யாணப் பத்திரிகையில் மூன்று தலைமுறையின் பெயரையும் விலாசத்தையும் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தவர்கள் நாங்கள். சொந்தப் பேத்தியின் படத்தைப் போட அனுமதி கேட்க வேண்டுமா? - வாசகர், கும்பகோணம்.

பதில்: ஐயா, கேட்கத்தான் வேண்டும். மகள் சத்தம் போட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது.

நம் தலைமுறை எதையும் மறைக்காமல் வாழ்ந்தது என்று நாம் சொல்லிக்கொள்வது முழு உண்மையன்று. தொலைபேசி டைரக்டரியில் பெயரும் விலாசமும் வருவதைப் பெருமையாக நினைத்த நாம்தாம், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மூடி வைத்தோம். கடனையும் மனநோயையும் பற்றி மூச்சுவிடவில்லை. இன்றைய பிள்ளைகள் மனநல மருத்துவரைப் பார்த்ததைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள், பிறந்த தேதியைச் சொல்லத் தயங்குகிறார்கள். மறைக்க வேண்டியவை எவை என்ற கணக்குதான் மாறியிருக்கிறது.

அந்தக் கணக்கு மாறியதற்குக் காரணம் உண்டு. கல்யாணப் பத்திரிகையை நீங்கள் வெற்றிலைபாக்குடன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். வாங்கியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும், முகூர்த்தம் முடிந்ததும் அது பரணுக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போய்விடும். இப்போது உங்கள் கைப்பேசியில் சேமித்திருக்கும் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். சிலிண்டர் கொண்டுவருபவர், எட்டு வருடத்துக்கு முன் காலிசெய்த குடித்தனக்காரர், ஒரே ஒருமுறை பேசிய மனைத் தரகர் என்று எத்தனை பேர்! ஸ்டேட்டஸின் அமைப்பை நீங்கள் மாற்றியிராவிட்டால், உங்கள் எண்ணைத் தாங்களும் சேமித்திருக்கும் அத்தனை பேருக்கும் பேத்தியின் படம் போயிருக்கும். அதில் சீருடையின் சின்னம் தெரிந்தால் பள்ளியும் தெரிந்துவிட்டது.

பிறந்த தேதியின் கதையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் தேர்ச்சி எண்கள் நாளிதழில் அச்சாகும். எண் தெரிந்தவர் எவரும் முடிவைப் பார்க்கலாம். இன்று பதிவெண்ணோடு பிறந்த தேதியையும் தட்டினால்தான் மதிப்பெண் திறக்கிறது. மாநில அளவில் ரேங்க் பெற்றவர்களை அறிவித்து ஊருக்குக் காட்டும் வழக்கத்தையும் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. வங்கியும் தொலைபேசியில் உங்களை அடையாளம் காணப் பிறந்த தேதியைக் கேட்கிறது. அப்படிப்பட்ட சாவியைத்தான் நாம் ஆண்டுதோறும் கேக்கின் மேல் எழுதிப் படம் பிடிக்கிறோம்.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று; தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியத்துக்காகச் செய்வதை அச்சட்டம் தொடுவதில்லை. இது உங்களுக்கும் மகளுக்கும் இடையில் பேசித் தீர வேண்டியது.

பேசும்போது நீங்களும் ஒன்று கேட்கலாம். துணிக்கடையில் பில் போடுபவர் கேட்டவுடன் உங்கள் மகள் கைப்பேசி எண்ணைச் சொல்கிறாரா? எண் தர வேண்டுமென்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இளையவர்கள் இதில் நம்மைவிட அலட்சியமாக இருப்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன்.

குழுவில் போட்டதை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை நாளோடு முடிந்துவிடும். உங்கள் கடிதம் என்னிடம் வந்து சேர்வதற்குள் அது போயிருக்கும். அதை விட்டுவிடுங்கள். மகளைக் கூப்பிட்டு, "கேட்காமல் போட்டது தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த பிறந்தநாளுக்குப் பேத்திக்கு எட்டு வயதாகியிருக்கும், படத்தை அவளிடமே காட்டி, "போடட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கட்டும்.